முந்நூற்றைம்பது ரூபாய்: அரசுப் பொறியாளர் தொடக்க ஊதியத்தின் வரலாறு

1871-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில், கூப்பர்ஸ் ஹில் என்னும் குன்றின்மீது, இந்தியப் பொதுப்பணித் துறைக்கென்றே ஒரு பொறியியற் கல்லூரி தொடங்கப்பெற்றது. அங்குத் தேறிக் கப்பலேறிய இளைஞனுக்கு அரசு உறுதிகூறிய தொடக்க ஊதியம் ஆண்டிற்கு 4,200 ரூபாய். அஃதாவது திங்களுக்கு 350 ரூபாய். எழுபத்தாறு ஆண்டுகள் கழிந்தன. 1947-ஆம் ஆண்டு மே மாதத்தில் முதல் மத்திய ஊதியக் குழு தன் அறிக்கையை அளித்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நடுவராயிருந்து பின்னர்க் கூட்டாட்சி நீதிமன்றம் சென்ற சர் சீனிவாச வரதாச்சாரியார் அக்குழுவின் தலைவர். முதல் வகுப்புப் பணியிற் புதிதாகச் சேரும் பொறியாளனுக்கு அக்குழு வகுத்த தொடக்க ஊதியமும் 350 ரூபாயே.

எண் ஒன்றாயிருத்தல் தற்செயலே. எனினும், இவ்விரண்டு முந்நூற்றைம்பதுகளுக்கும் இடையே நிகழ்ந்தவற்றைத் தொடர்ந்து நோக்குவார்க்கு, அரசு தன் பொறியாளனை எவ்வெவ் அளவைகளால் மதிப்பிட்டு வந்தது என்பது விளங்கும். பிறந்த நாடு, பயின்ற கல்லூரி, பெற்ற பட்டம், எழுதிய தேர்வு ஆகிய இவற்றுள் எது முதற்படியை வரையறுத்தது, அது எப்பொழுது எதற்கு இடங்கொடுத்தது என்பதையே யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பொறியாளர் ஊதியம் தமிழாராய்ச்சிக்குரிய பொருளாகுமோ என எம் மாணவருள் சிலர் வினவக்கூடும். கல்வெட்டில் வரும் பங்கும் காணியும் ஆராய்ச்சிக்கு உரியனவாயின், அரசாணையில் வரும் ஊதியமும் உரியதே என்பது எம் விடை. அன்றியும், இத்துறையில் வழங்கும் சொற்களே ஒரு வரலாறு கூறுகின்றன. ஆதலின் சொற்களினின்றே தொடங்குவோம்.

'ஊதியம்' என்னும் சொல் திருக்குறளில் பேறு, இலாபம் என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளது. முதலிட்டவன் அடையும் மிகுதியே அங்கு ஊதியம். மாதந்தோறும் பெறும் பணத்தை ஊதியம் என்பது பின்வழக்கு. பேச்சு வழக்கில் நிலைத்த சொல் 'சம்பளம்'. சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாக அளக்கப்பட்டமையின் சம்பளமாயிற்று என்பார் உளர். இவ்விளக்கம் கேட்டற்கு இனிதாயினும் யாம் இதனை ஐயுறுகின்றோம். வழியுணவு எனப் பொருள்படும் 'சம்பல' என்னும் வடசொல்லோடு இயைத்துக் காண்பதே பொருத்தமுடைத்து. எவ்வாறாயினும் உணவின் நினைவு அச்சொல்லை விட்டு நீங்கவில்லை. 'படி' என்னும் சொல் இன்னும் சுவையுடையது. முகத்தலளவையும் படி, ஏணியின் நிலையும் படி, ஊதியத்தின்மேல் அளிக்கப்படும் பயணப்படி, பஞ்சப்படி முதலியனவும் படி. நாளுணவிற்கு அளந்து கொடுத்த நெல்லே இம்மூன்றாம் பொருளுக்கு அடியாதல் வேண்டும். இக்கட்டுரையில் யாம் ஆராயும் பொருள் இம்மூன்று படிகளிலும் கிடக்கின்றது எனல் மிகையாகாது.

நெல்லளந்து தொழில் வாங்கிய காலத்திலும் தர வேறுபாடு இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்கும் ஆளொன்றுக்குப் பங்கு ஒன்று, பங்கொன்றுக்கு ஆண்டிற்கு நூறு கலம் நெல் என வகுக்கின்றது. ஏனைப் பணியாளர்க்கும் அப்பங்கே அலகு. ஒருவர்க்குப் பங்கு கூடும், ஒருவர்க்குக் குறையும். அப்பட்டியலில் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயரும் காணப்படுகின்றது. பெருங்கோயிலை அமைத்தவன் இவனே என்பர். அவ்வளவு திட்டமாகக் கூறக் கல்வெட்டுச் சொற்கள் இடந்தருமோ என்பது வேறு வினா. எமக்கு வேண்டுவது, ஓர் அலகை நிறுவி அதன் மடங்குகளாலும் பின்னங்களாலும் பணியாளரை வரிசைப்படுத்தும் முறை இந்நாட்டிற்குப் புதிதன்று என்பது மட்டுமே.

ஆங்கிலர் ஆட்சியில் நீர்நிலைப் பணியும் சாலைப் பணியும் 'மராமத்து' என வழங்கின. பழுது பார்த்தல் என்னும் பொருளுடைய இச்சொல் அரபு மொழியினின்று பாரசீகத்தின் வழியாக வந்தது. புதிதாக எதனையும் கட்டாமல் இருந்ததைப் பழுதுபார்த்தே வந்த ஒரு காலத்தை இச்சொல் தன்னுள் வைத்திருக்கின்றது. ஊரார் தாமே உழைத்து ஏரி காத்த குடிமராமத்தில் ஊதியம் என்பதே இல்லை. 1794-இல் சென்னைக் கோட்டையில் மைக்கேல் டாப்பிங் என்பாரின் முயற்சியால் நில அளவைப் பள்ளி ஒன்று தோன்றியது. அதுவே வளர்ந்து, 1920-இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்த பொறியியற் கல்லூரியாயிற்று. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பெரும்பணிகளைச் செய்தோர் படைப்பொறியாளரே. கொள்ளிடத்தின் குறுக்கேயும் கோதாவரியின் குறுக்கேயும் அணை கண்ட ஆர்தர் காட்டன் அவருள் தலையாயவர். இவர்க்குப் படைப்பதவிக்குரிய ஊதியமும், அதன்மேல் பணிப்படியும் கிடைத்தன. ஆதலின் பொறியாளன் என்னும் நிலைக்கெனத் தனித் தொடக்க ஊதியம் ஒன்றை வகுக்கும் தேவை எழவில்லை.

அத்தேவை எழுந்தது 1854-க்குப் பின்னராகும். டல்ஹௌசி பிரபு பொதுப்பணித் துறையைத் தனித்துறையாக அமைத்தார். இருப்புப்பாதையும் வாய்க்காலும் பெருகின. படையினின்று பெறும் பொறியாளர் போதாராயினர். இந்தியச் செயலராயிருந்த ஸ்டான்லி பிரபுவின் பெயரால் ஸ்டான்லிப் பொறியாளர் எனப்பட்டோர் 1859 முதல் இங்கிலாந்திலேயே போட்டித்தேர்வின் வாயிலாகத் தெரிந்தெடுக்கப்பட்டனர். அம்முறையும் போதிய ஆட்களைத் தரவில்லை. அதன் பின்னரே கூப்பர்ஸ் ஹில் கல்லூரி தோன்றிற்று. அதன் முதல் தலைவர் ஜார்ஜ் செஸ்னி. அவர் இலக்கிய வரலாற்றிலும் இடம்பெற்றவர் என்பதை ஈண்டுச் சுட்டாதிருக்க மனம் வரவில்லை: செருமானியர் இங்கிலாந்தின்மேற் படையெடுப்பதாகப் புனைந்த 'டார்க்கிங் போர்' என்னும் கதையைக் கல்லூரி தொடங்கிய அதே 1871-இல் எழுதிப் பெரும்பரபரப்பை விளைத்தவர் அவரே. மற்றொரு தலைவரைத் தமிழகம் நன்கறியும். முல்லைப் பெரியாற்று அணையை 1895-இல் முடித்த ஜான் பென்னிகுயிக், 1896 முதல் 1899 வரை அக்கல்லூரிக்குத் தலைமை தாங்கினார்.

கூப்பர்ஸ் ஹில் மாணவன் செலுத்திய கட்டணத்திற்கு ஈடாக அவன் பெற்றது வேலை பற்றிய உறுதி. அவ்வுறுதியின் உள்ளீடே திங்கள் 350 ரூபாய். இத்தொகை எவ்வாறு எண்ணப்பட்டது என்பதை நாணய மாற்றைக் கொண்டு அறியலாம். ரூபாய் ஏறத்தாழ 2 ஷில்லிங்காக இருந்த காலத்தில் 350 ரூபாய் 35 பவுன்; ஆண்டிற்கு 420 பவுன். இங்கிலாந்தில் ஒரு நடுத்தரக் குடும்பம் தன் மகனைக் கடல்கடந்து அனுப்பத் துணியும் தொகை எதுவோ அதனை நோக்கியே இஃது அமைந்தது. வெள்ளியின் விலை வீழ வீழ ரூபாயின் மதிப்பும் வீழ்ந்தது. 1890-களின் நடுவில் ரூபாய் 13 பென்னியளவிற்கு இறங்கியபொழுது அதே 350 ரூபாய் 19 பவுனுக்கும் சற்றுக் குறைவாயிற்று. ஊதியத்தின் எண் மாறவில்லை. அதன் ஆங்கில மதிப்புப் பாதியளவாகச் சுருங்கிற்று. 1893-இல் அரசு 'நாணயமாற்று ஈட்டுப்படி' என ஒன்றை வகுத்தது. அது இந்தியாவை நிலையான வாழ்விடமாகக் கொள்ளாத ஐரோப்பிய அலுவலர்க்கே உரியதாயிற்று. அவ்வீட்டுச் சுமையைத் தாங்கியது இந்திய வரிப்பணம் என்பதை அக்காலத் தேசியத் தலைவர்கள் இடைவிடாது எடுத்துக் காட்டினர்.

இனி, இந்நாட்டுக் கல்லூரிகளிற் பயின்றோர் நிலையை நோக்குவோம். ரூர்க்கி, சென்னை, புனே, சிப்பூர் ஆகிய இடங்களிற் கல்லூரிகள் இருந்தன. ரூர்க்கிக் கல்லூரி 1847-இலேயே தோன்றியது. கூப்பர்ஸ் ஹில்லுக்கு இருபத்துநான்கு ஆண்டுகள் மூத்தது. அவற்றில் முதன்மையாகத் தேறியோர்க்கு அரசு ஆண்டுதோறும் சில பதவிகளை உறுதி செய்தது; ஆயினும் அவை மிகச் சிலவே. கூப்பர்ஸ் ஹில்லில் இந்தியர்க்குக் கிட்டிய இடங்களும் மிகச் சிலவாக வரையறுக்கப்பட்டிருந்தன. எஞ்சிய இந்திய மாணவர் ஓவர்சியர், சூப்பர்வைசர் என்னும் சார்நிலைப் பதவிகளில் அமர்ந்தனர். ஒரே வாய்க்காலின் கரையில் நின்று ஒரே மட்டக்கருவியை நோக்கும் இருவருள், ஒருவர் ஏறத் தொடங்கிய படி மற்றவர் பணி முடியும் காலத்திலும் எட்டவியலாத படியாக இருந்தது.

இவ்வேற்றுமை 1892-இல் விதியாகவே வடிவெடுத்தது. 1886-87-இல் அமர்ந்த எயிட்சிசன் குழு, அரசுப் பணிகளைப் பேரரசுப் பணி, மாகாணப் பணி, சார்நிலைப் பணி என மூவகைப்படுத்துமாறு கூறியிருந்தது. இப்பாகுபாடு பொறியாளர்மீது செலுத்தப்பட்டபொழுது, இங்கிலாந்தில் தெரிந்தெடுக்கப்பட்டோர் பேரரசுப் பணியினர் ஆயினர். இந்தியாவில் தெரிந்தெடுக்கப்பட்டோர் மாகாணப் பணியினர் ஆயினர். மாகாணப் பணியினரின் ஊதியம், பேரரசுப் பணியினரின் ஊதியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு. செய்யும் தொழிலும் ஏற்கும் பொறுப்பும் வேறாயிருந்திருப்பின் இதனை ஒருவாறு ஏற்கலாம். நிருவாகத் துறையில் மாகாணப் பணியினர்க்கு வேறு வகைப் பதவிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. பொறியாளர்க்கோ பதவிப் பெயர்களும் ஒன்றே, பணியிடங்களும் ஒன்றே. உதவிப் பொறியாளர் என்னும் ஒரே பெயரின் கீழ் இருவேறு ஊதியங்கள் அமைந்தன. ஏனைத் துறைகளினும் பொதுப்பணித் துறையில் இவ்வேற்றுமை கூர்மையாக உணரப்பட்டமைக்குக் காரணம் இதுவே என யாம் கருதுகின்றோம்.

கடல்கடந்து வந்து வாழ்வோர்க்குச் செலவு மிகுதி. ஆதலின் ஊதியமும் மிகுதல் வேண்டும் என்னும் வாதம் அன்று கூறப்பட்டது. இன்றும் சில நூல்களில் அது திரும்பக் கூறப்படுகின்றது. இதனை ஆராய்தல் வேண்டும். செலவின் மிகுதியே காரணமாயின், அடிப்படை ஊதியத்தை ஒன்றாக வைத்து, செலவிற்கெனத் தனிப்படி ஒன்றை வகுத்திருத்தல் கூடும். 1893-இல் நாணயமாற்றிற்கு அவ்வாறே செய்தனர். அம்முறை தெரிந்திருந்தும் அடிப்படை ஊதியத்தையே இரண்டாக்கி வைத்தமை, அவ்வாதத்தை நம்பவியலாதவாறு செய்கின்றது. பின்னாளில் அரசே இவ்வழிக்கு வந்ததைக் கீழே காண்போம்.

மோட்சகுண்டம் விசுவேசுவரையாவின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. புனே அறிவியற் கல்லூரியில் 1883-இல் பொறியியல் தேர்வில் முதல்வராகத் தேறிய அவர், உறுதி செய்யப்பட்ட பதவியை அடைந்து 1884-இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராய் அமர்ந்தார். சுக்கூர் நகரின் குடிநீர்த் திட்டமும், கடக்வாசலா ஏரியில் அமைத்த தானியங்கு மடைக்கதவுகளும் அவர் பெயரை நிறுத்தின. மூத்தோர் பலரைக் கடந்து அவர் உயர்த்தப்பட்டார் என்பதும் உண்மை. ஆயினும் தலைமைப் பொறியாளர் பதவி இந்தியர்க்கு எட்டாததாகவே இருந்தது. 1908-இல் அவர் பணியினின்று விலகினார், 1909-இல் மைசூர் அரசு அவரைத் தலைமைப் பொறியாளராக்கியது, 1912-இல் திவானாக்கியது. பம்பாய் மாகாணம் தன் பெரும்பொறியாளர் ஒருவரை இழந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

1912-இல் இசுலிங்டன் பிரபுவின் தலைமையில் அரசுப் பணிக்குழு ஒன்று அமர்ந்தது. கோகலே அதன் உறுப்பினர். 1915 பிப்ரவரியில் அவர் காலமானார். சென்னை உயர்நீதிமன்ற நடுவர் அப்துர் ரகீமும் உறுப்பினர். அவர் பெரும்பான்மையோர் கருத்தினின்று வேறுபட்டுத் தனிக்குறிப்பு எழுதினார். 1915-இல் முடிவுற்ற அறிக்கை போரின் காரணமாக 1917-இல்தான் வெளிவந்தது. தக்க தரமுடைய ஆட்களைப் பெறுதற்கும், அவர்களைத் திறமை குன்றாமலும் இழுக்கிற்கு ஆட்படாமலும் வைத்திருத்தற்கும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே அரசு கொடுத்தல் வேண்டும் என்பது அக்குழு கூறிய நெறி. இந்நெறி நடுவுநிலையானது போலத் தோன்றும். ஆனால் 'தக்க தரம்' என்பதை வரையறுப்பார் யார்? இலண்டனில் ஆள் கிடைக்கும் விலை ஒன்று, சென்னையில் ஆள் கிடைக்கும் விலை ஒன்று என்றால், அந்நெறியைக் கொண்டே இருவகை ஊதியத்திற்கும் சான்று காட்டிவிடலாம். அவ்வாறே காட்டினர்.

எனினும் காலம் நெருக்கியது. போருக்குப் பின் அமைந்த இந்தியப் பொறியாளர் பணியில் பேரரசு, மாகாணம் என்னும் பிளவு நீங்கிற்று. அடிப்படை ஊதியம் பொதுவாயிற்று. இந்தியரல்லாதார்க்குக் 'கடல்கடந்த பணிப்படி' என ஒன்று தனியே சேர்ந்தது. முன்னரே செய்திருக்கக் கூடியது என யாம் மேலே சுட்டியது இம்முறையே. 1924-இல் லீ குழு, மாற்றப்பட்ட துறையாகிய சாலை, கட்டடப் பிரிவிற்கு ஆளெடுக்கும் உரிமையை மாகாணங்களுக்கு விடுமாறும், நீர்ப்பாசனப் பிரிவில் இந்தியர் தொகையைப் பெருக்குமாறும் கூறியது. 1931-இல் பொருளாதார மந்தம் காரணமாக அரசு ஊழியர் ஊதியம் நூற்றுக்குப் பத்து வீதம் வெட்டப்பட்டது.

அதே 1931-இல் கராச்சிக் காங்கிரசு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அரசு ஊழியர் எவர்க்கும் பொதுவாகத் திங்கள் 500 ரூபாய்க்கு மேல் ஊதியம் இருத்தல் கூடாது என்பது அதன் ஒரு கூறு. 1937-இல் சென்னையில் இராசகோபாலாச்சாரியார் தலைமையில் அமைந்த அமைச்சரவையினர் அவ்வளவிலேயே ஊதியம் பெற்றனர். இத்தீர்மானத்தில் ஒரு விலக்கு உண்டு: தனியாக அமர்த்தப்படும் வல்லுநர் முதலியோர்க்கு இவ்வரம்பு பொருந்தாது. பொறியாளன் அவ்விலக்கினுள் அடங்குவானா? தொழில்வளம் பெருக்க விழைந்த நாடு வல்லுநரை நாடவேண்டியிருந்தது. எளிமையை விழைந்த நாடு ஊதியத்தை வரையறுக்க வேண்டியிருந்தது. இவ்விரு விழைவுகளும் ஒரே தீர்மானத்தில் ஒருங்கிருந்தமையைப் பின்வந்த ஊதியக் குழுக்களின் போக்கை அறிய விரும்புவார் மனத்துட் கொள்ளல் நலம்.

1946-இல் அமர்ந்த வரதாச்சாரியார் குழு இசுலிங்டன் நெறியை முற்றும் தள்ளிவிடவில்லை. அதனைக் காலத்திற்கேற்ப நெகிழ்த்திப் பொருள்கொள்ளல் வேண்டும் என்றும், எந்நிலையிலும் ஒருவன் ஊதியம் வாழ்க்கைக்குப் போதிய அளவினும் குறைதல் ஆகாது என்றும் கூறியது. அடித்தளத்து ஊழியனுக்கு 30 ரூபாய் ஊதியமும் 25 ரூபாய் பஞ்சப்படியும் ஆக 55 ரூபாய் என வகுத்தது. முதல் வகுப்புப் பணிக்கு 350 முதல் 850 வரை. இரண்டாம் வகுப்புப் பொறியாளர்க்கு 275 முதல் 800 வரை.

முதல் வகுப்பு ஊதிய ஏணியை ஆணையில் உள்ளவாறே படித்தல் பயனுடைத்து. முதல் இரண்டு ஆண்டுகள் 350. அடுத்த இரண்டு ஆண்டுகள் 380. பின்னர் ஆண்டிற்கு 30 கூடி 590 வரை. அங்குத் திறமைத் தடை ஒன்று. அதனைக் கடந்தார்க்கு மீண்டும் 30 வீதம் 770 வரை. பின் 40 வீதம் 850. பத்தொன்பதாம் ஆண்டில் உச்சியை அடையலாம். இதன் அருகே இந்திய ஆட்சிப் பணியின் ஏணியை வைத்து நோக்குக. அதுவும் 350-இல் தொடங்குகின்றது. அதுவும் பத்தொன்பது ஆண்டுகள் நீள்வது. ஆயின் இரண்டாம் ஆண்டில் 400, மூன்றாம் ஆண்டில் 450 என ஏறி 950-இல் முடிகின்றது. மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே 70 ரூபாய் வேறுபாடு. மேல்நிலை ஏணிகளில் இவ்விடைவெளி அகல்கின்றது: முதல் வகுப்புப் பொறியாளர்க்கு 600 முதல் 1,150, ஆட்சிப் பணியினர்க்கு 800 முதல் 1,800. பழைய ஆட்சியில் வேற்றுமை முதற்படியிலேயே கண்ணுக்குப் புலப்பட்டது. புதிய ஆட்சியில் முதற்படி ஒன்றாயிற்று; வேற்றுமை ஏணியின் நடுவிற்குப் பெயர்ந்தது. தொடக்க ஊதியத்தை மட்டும் நோக்கி, 1947-இல் சமன்மை வந்துவிட்டது என எழுதுவார் இதனைக் காணாது விட்டனர்.

பின்வந்த குழுக்களின் எண்களை விரைந்து கூறுவோம். செகந்நாததாசு குழு 1959-இல் 400 என்றது. இரகுபீர் தயாள் குழு 1973-இல் 700 என்றது. அப்பொழுது பொறியாளர்க்கும் ஆட்சிப் பணியினர்க்கும் இளநிலை ஏணி 700 முதல் 1,300 வரை என முழுதும் ஒன்றாயிற்று. சிங்கால் குழு 1986-இல் 2,200 என்றது. தமிழகத்தவரான இரத்தினவேல் பாண்டியன் தலைமையில் அமைந்த குழுவின் வழி 1997-இல் 8,000 வந்தது. சிரீகிருட்டிணா குழுவின் வழி 2008-இல் 15,600-உம் தரஊதியம் 5,400-உம் சேர்ந்து 21,000 ஆயிற்று. மாத்தூர் குழுவின் பரிந்துரை 2016 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தபொழுது பத்தாம் நிலைத் தொடக்கம் 56,100.

இவ்வெண்கள் விலைவாசியோடு ஏறியவை. தனித்து நோக்கின் மயக்குவன. அடித்தள ஊழியன் ஊதியத்தோடு ஒப்பிட்டாலே பொருள் விளங்கும். 1947-இல் 30-க்கு 350. ஏறத்தாழ பன்னிரு மடங்கு. பஞ்சப்படியைச் சேர்த்துக் கணக்கிட்டால் இம்மடங்கு பெரிதும் குறையும் என்பதையும் மறவாமற் குறிக்கின்றோம். 1973-இன் பின் 196-க்கு 700. மூன்றரை மடங்கிற்குச் சற்று மேல். 1986-இல் 750-க்கு 2,200; மூன்று மடங்கிற்கும் குறைவு. 2016-இல் 18,000-க்கு 56,100. மூன்று மடங்கிற்குச் சற்று மேல். பொறியாளன் தாழ்ந்துவிட்டான் என இதனைக் கொண்டு வருந்துவார் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. கரையில் நின்று அளப்பவனுக்கும் கரையை வெட்டுபவனுக்கும் இடையே பன்னிரு மடங்கு இருந்ததே அயலாட்சி விட்டுச்சென்ற எச்சம். அது மூன்றாகச் சுருங்கியதற்குப் பின்னால், 1960 சூலையில் நடந்த மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் முதலாகப் பல போராட்டங்கள் உள்ளன.

அயல்நாட்டு முறை ஒன்றையும் ஒப்பிடுதல் தகும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1949-இன் வகைப்பாட்டுச் சட்டம் பொது ஊதிய அட்டவணையைப் பதினெட்டுத் தரங்களாக வகுத்தது. இன்று அவை பதினைந்து. புதிதாகப் பட்டம் பெற்ற பொறியாளன் ஐந்தாம் தரத்தில் தொடங்குவான். கல்வியில் சிறப்புற்றவன் ஏழாம் தரத்தில் தொடங்கலாம். அங்குத் தரம் பணியிடத்திற்கு உரியது. அவ்விடத்திற்குரிய பணியின் கடுமையையும் பொறுப்பையும் அளந்து தரம் குறிப்பர். இந்தியாவிலோ ஊதியம் 'பணி' எனப்படும் குழுவிற்கு உரியது; எந்தத் தேர்வின் வழியே எந்தக் குழுவினுள் நுழைந்தான் என்பதே முதன்மை. 1969-இல் நிருவாகச் சீர்திருத்தக் குழு, எல்லாப் பணிகளையும் இருபது முதல் இருபத்தைந்து வரையிலான தரங்களுள் அடக்கும் ஒருமுகத் தர அமைப்பைப் பரிந்துரைத்தது. அது நடைமுறைப்பட்டிருப்பின், ஓர் அணையின் பொறுப்பாளருக்கும் ஒரு மாவட்டத்தின் பொறுப்பாளருக்கும் உள்ள ஊதியத்தை ஒரே கோலால் அளந்திருக்கலாம். அது நடைமுறைப்படவில்லை.

பிறப்பிடத்தால் வகுக்கும் முறை ஒழிந்தபின் அதன் இடத்திற் பட்டம் வந்து நின்றது. பட்டம் பெற்றோர் ஒரு படியிலும், பட்டயம் பெற்றோர் அதன் கீழ்ப்படியிலும் தொடங்கினர். மூன்றாம் ஊதியக் குழுவின் பின் மத்திய அரசில் இளநிலைப் பொறியாளர்க்கு 425 முதல் 700 வரை. முதல் வகுப்பினர் தொடங்கும் 700 இவர் ஏணியின் உச்சி. பழைய ஓவர்சியரின் நிலையை இது நினைவூட்டாமற் போகாது. சம்மு-காசுமீர் அரசு, உதவிப் பொறியாளராய் ஒரே பணியில் இணைந்தோருள் பட்டம் பெற்றோரே செயற்பொறியாளராக உயரலாம் என விதித்தது. திரிலோகிநாத் கோசா வழக்கில் 1973-இல் உச்ச நீதிமன்றம் அவ்விதியை ஏற்றது. கல்வித் தகுதி நேர்மையான பாகுபாடே என்றனர் நடுவர். ஆயினும் நடுவர் கிருட்டிண ஐயர் தனித்தெழுதிய தீர்ப்பில், வகைப்படுத்தல் மிகுந்து சமன்மையையே விழுங்கிவிடாதிருத்தல் வேண்டும் என எச்சரித்தார். யாம் அவ்வெச்சரிக்கையின் பக்கமே சாய்கின்றோம். தொடக்கப் படியில் பட்டத்திற்கு மதிப்புத் தருதல் முறையே. பதினைந்து ஆண்டுகள் ஒரே மதகைக் காத்தபின்னும் அதனையே வினவுதல் முறையன்று.

அரசியற் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, ஆண் பெண் இருபாலார்க்கும் ஒத்த பணிக்கு ஒத்த ஊதியம் என்பதை நெறியாக வைத்தது. இரண்தீர் சிங்கு வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் அந்நெறிக்கு வலிமை தந்தது. பெண்பாலார் வரலாறு இவ்வாராய்ச்சியில் தனிக்கட்டுரைக்கு உரியது. ஒன்று மட்டும் கூறுவோம். கிண்டிக் கல்லூரியில் 1940-களில் தேறிய முதல் மகளிர் மூவருள் ஒருவரான தெரசியா, கொச்சி அரசின் பொதுப்பணித் துறையில் செக்‌ஷன் ஆபீசராகத் தொடங்கி, 1971-இல் கேரள மாநிலத்தின் தலைமைப் பொறியாளரானார்.

இன்றுள்ள நிலை பின்வருமாறு. மத்திய அரசின் பொறியியற் பணித் தேர்வில் வென்றோர் 56,100 ரூபாயிலும், இளநிலைப் பொறியாளர் 35,400 ரூபாயிலும் தொடங்குகின்றனர். தமிழ்நாட்டு அரசுத் தேர்வாணையத்தின் வழி உதவிப் பொறியாளராக அமர்வோர்க்குத் தொடக்கம் 37,700 ரூபாய். பெயரளவில் உதவிப் பொறியாளர் எனினும், இது மத்திய அரசின் இளநிலைப் பொறியாளர் படியை ஒட்டியே நிற்கின்றது. ஆட்சிப் பணியில் நுழைவோர்க்கும் தொடக்கம் 56,100 ரூபாயே. முதுநிலைக் கால ஏணி, இளநிலை நிருவாகத் தரம், தேர்வுத் தரம் ஆகிய மூன்றினுள் நுழையும்பொழுது மட்டும் அவர்க்கு இவ்விரண்டு மேலேற்றங்கள் மிகுதியாகச் சேரும். 2025 சனவரியில் எட்டாவது ஊதியக் குழு அறிவிக்கப்பட்டது.